துண்டுக்குள் ஆள் இல்லை

கழுத்து ரத்தக்குழாய் அறுவை சிகிச்சையைக் கற்க வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். மேடை மரியாதைக்காகச் சொல்லவில்லை. நான் பத்து வருடம் தட்டுத்தடுமாறிக் கற்றதை நீங்கள் இரண்டே வருடத்தில் கற்றுக்கொள்கிறீர்கள். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்தால் உங்களுக்குத் திரையில் ஒரு கோடு இறங்கிக் காட்டுகிறது. தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் எங்களிடம் இருந்தது கத்தி, கிளாம்ப், கொஞ்சம் திமிர். அந்தத் திமிரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஓய்வு பெற்ற பெண்மணி அடக்கமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து காபி குடிக்கப் போகலாம்.

அந்த நாளில் கழுத்தைத் திறக்கப்போகிறேன் என்று சொன்னாலே மூத்தவர்கள் புருவத்தைத் தூக்குவார்கள். "மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பும்மா, அவங்க பாத்துக்குவாங்க" என்பார்கள். நானும் ஆரம்பத்தில் எழுதிக் கொடுத்தேன். பாதிப் பேர் போகவே இல்லை. தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை, பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது, முன்பின் தெரியாத ஊர் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி மாத்திரையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதில் சிலர் ஆறே மாதத்தில் ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்தார்கள். இந்த அறுவை சிகிச்சை பக்கவாதத்தைத் தடுக்கிறது என்று வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் அப்போது வரத் தொடங்கியிருந்தது. அதைப் படிக்கும் உரிமை மெட்ராஸ்காரர்களுக்கு மட்டும்தானா என்று எனக்குக் கோபம் வந்தது. மேட்டுப்பாளையத்தில் பிறந்தவள் நான். எங்கள் ஊர்க்காரர்களின் கழுத்தை எங்கள் ஊரிலேயே வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் சிலருக்கு நன்றாகவே அமைந்தது. அப்புறம் தபால் நிலையத்தில் அதிகாரியாக இருந்த ஒருவர் வந்தார். முழு மயக்கம் கொடுத்து, இடது கழுத்தைத் திறந்து, குழாயைச் சுத்தம் செய்து தைத்து முடித்தேன். அழகான வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மயக்கம் தெளிந்தபோது அவருக்கு வலது கை வரவில்லை. பேச்சும் வரவில்லை. ரத்தத்தை நிறுத்த அந்தக் குழாயில் நான் கிளாம்ப் போட்டிருந்த நேரத்தில் எப்போதோ மூளையின் அந்தப் பக்கம் பட்டினி கிடந்திருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த மனிதரால் அதைச் சொல்ல முடியவில்லை. அவர் மனைவி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "உங்களால முடிஞ்சதச் செஞ்சீங்க" என்று சொல்லி இளநீர் வெட்டிக் கொடுத்தார். அந்த இளநீரை நான் குடிக்கவில்லை.

அன்றிலிருந்து தூங்குகிற கழுத்தில் கத்தி வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். கழுத்துப் பகுதியை மட்டும் ஊசியால் மரக்கச் செய்துவிட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே குழாயைத் திறப்பது. கிளாம்ப் போட்டபிறகு அவர் பேசிக்கொண்டிருக்க வேண்டும், எதிர்ப்பக்கக் கையை அசைத்துக் காட்ட வேண்டும். அவர் தடுமாறினால், கிளாம்ப் போட்ட இடத்தைத் தாண்டி ரத்தம் போக ஷன்ட் எனும் சின்னக் குழாயைச் செருக வேண்டும். எல்லோருக்குமே அதைச் செருகிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். செருகும்போது அந்தக் குழாயே கசடை மூளைக்குத் தள்ளிவிடக்கூடும். தேவைப்படுகிறவருக்கு மட்டும் வைக்க வேண்டும், தேவையா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

நாச்சிமுத்து ஆனைமலைப் பக்கத்துக்காரர். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர். வயது ஐம்பத்தெட்டு. அவரை என் அறைக்கு இழுத்துக்கொண்டு வந்தவர் காதர் பாய், கோட்டைமேட்டுக்காரர், அதே சந்தையில் மாடு வாங்கி விற்பவர். இருவரும் இருபது வருடமாக எதிரெதிரே நின்று விலை பேசியவர்கள். எங்கள் பக்கத்துச் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்லமாட்டார்கள் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்காது. தோளில் கிடக்கும் துண்டை இருவர் கைக்கும் மேலே போட்டு மறைத்துக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை என்று அர்த்தம். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"என்ன தொந்தரவுங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மணி. கை கொஞ்சம் மரத்துப்போச்சு, அவ்வளவுதானுங்க. இப்ப நல்லாத்தானுங்க இருக்குது. பாயி சொன்னாக் கேக்கமாட்டேங்கறாரு."

"அவரு பேச்சைக் கேக்காதீங்கம்மா" என்றார் காதர் பாய். "போன வாரம் ஒரு சோடி காளைக்குப் பேசிக்கிட்டிருக்கோம். துண்டுக்குள்ள கைய உட்டா எனக்கு இவரு மூஞ்சியப் பாக்கற மாதிரிங்க. சிரிக்கறாரா, மொறைக்கறாரான்னு வெரல்லயே தெரியும். பேசிக்கிட்டே இருக்கறப்ப திடீர்னு துண்டுக்குள்ள ஆளே இல்லீங்க. கை இருக்குது, ஆளு இல்லை. கா மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்தாரு. இது ரெண்டாவது வாட்டிங்க."

முப்பது வருடத்தில் இத்தனை துல்லியமாக யாரும் எனக்கு நோயின் வரலாற்றைச் சொன்னதில்லை. ஊரில் ஒரு டாக்டர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை மாட்டி அனுப்பியிருந்தார். காதர் பாய் சொன்னது மூளைக்கு ரத்தம் சிறிது நேரம் தடைபட்டுத் திரும்பிய கதை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். இடது கழுத்தில் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், வாய்க்கால் மடையில் வண்டல் சேர்வது போலக் கசடு சேர்ந்து, நூல் அளவு வழிதான் மீதி இருந்தது. இரண்டு முறை போய்த் திரும்பிய கை மூன்றாம் முறை திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நாச்சிமுத்துவின் வலது கையும் அவருடைய தொழிலும் ஒன்றுதான். அதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"செஞ்சுபோடுங்க" என்றார். "ஆனா இந்தக் கை போகக் கூடாதுங்க. உசுரு போனாக்கூடப் பரவாயில்லீங்க."

எங்கள் வழக்கப்படி, விழித்திருக்கும் நோயாளியின் கையில் அமுக்கினால் கீச்சிடும் ரப்பர் வாத்து ஒன்றைக் கொடுப்போம். நான் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். அறுவைக்கு முந்தின நாள் சாயங்காலம் அதை அவரிடம் கொடுத்துக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். அமுக்கினார். கீச் என்றது.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார், பேரனுடைய பொம்மையைத் திருப்பித் தருவது போல அதை என்னிடமே கொடுத்துவிட்டு.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வாத்தை அமுக்க உள்ளங்கை போதும். மூளை தடுமாறும்போது முதலில் போவது விரல்களின் நுட்பம், கைப்பிடி கடைசியில்தான் போகும். இந்த மனிதரிடம் இருபது வருடமாகத் தீட்டிய விரல்கள் இருந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கற்றுக்கொடுங்கள், நானே தெரிந்துகொள்கிறேன் என்று கேட்டேன். நாச்சிமுத்துவுக்கு முகமெல்லாம் வெட்கம்.

"அய்யோ, பொம்பளைங்க கையப் புடிச்சு நான் வேவாரம் பேசுனதில்லீங்க அம்மணி."

"அப்ப பாய் உங்ககூட உள்ள வரட்டும்" என்றேன்.

ஏற்பாடு எளிமையானது. காதர் பாய் ஒரு விரலைப் பிடித்தால் நாச்சிமுத்து இரண்டு பிடிக்க வேண்டும். மூன்று பிடித்தால் நான்கு. கேட்டதற்கு ஒன்று கூட்டித் தர வேண்டும். அதற்குக் கேட்கத் தெரிய வேண்டும், புரிய வேண்டும், விரலும் வர வேண்டும். உங்களுடைய எந்தக் கருவி ஒரே நேரத்தில் இந்த மூன்றையும் பார்க்கிறது என்று யோசித்துச் சொல்லுங்கள்.

மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சண்டை. எங்கள் மருத்துவமனையின் கண்காணிப்பாளரே மயக்க மருந்து நிபுணரும்கூட. எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்போம். தொழிலில் தங்கம், சட்டதிட்டத்தில் இரும்பு. தொப்பியும் முகக்கவசமும் பச்சை கவுனும் போட்டு நின்ற காதர் பாயைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கவுனுக்குக் கீழே கட்டம் போட்ட லுங்கி தெரிந்தது.

"யாரு இது?"

"பேஷன்டோட கையைப் பாக்க வந்திருக்கார் சார்."

"எந்த டிபார்ட்மென்ட்?"

"மாட்டு வியாபாரி சார்."

அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கவில்லை. வெளியாளைத் தியேட்டருக்குள் விட்டால் கிருமி வரும், மயங்கி விழுவான், நாளைக்கு ஊரே வந்து நிற்கும் என்றார். எல்லாம் நியாயமான பேச்சு. நானும் நியாயமாகவே பதில் சொன்னேன்: கத்தி படும் இடத்துக்குப் பக்கத்தில் அவர் வரமாட்டார், ஸ்டூலில் உட்கார்ந்து திரைத்துணிக்குக் கீழே கையை மட்டும் பிடித்திருப்பார், ரத்தத்தைப் பார்க்கக்கூட மாட்டார். பெரிய டாக்டர் மசியவில்லை. கடைசியில் நியாயத்தை ஓரமாக வைத்துவிட்டு, "அவர் உள்ளே வரலைன்னா நானும் வரலை சார்" என்று சொல்லிவிட்டேன். நோயாளி ஏற்கெனவே மேசையில் படுத்திருந்தார்.

"எழுத்துல பதில் சொல்ல வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டர் உள்ளே போனார். நான் காதர் பாயை அழைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

காதர் பாயிடம் அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஏதாவது தப்பாத் தெரிஞ்சா மட்டும் பேசணும். மத்தபடி வாயைத் திறக்கக் கூடாது." காதர் பாய் பவ்யமாகத் தலையாட்டினார். இப்படி ஒரு கட்டளையை ஒரு மரியாதைக்கார மனிதரிடம் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியவில்லை.

குழாயை எடுத்துப் பிரித்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான், விட்டுவிடுகிறேன். கிளாம்ப் போட்டேன். தியேட்டரில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

"எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது."

ஒரு நிமிடம் விட்டு மறுபடி கேட்டேன். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். இன்னொரு நிமிடம் விட்டுக் கேட்டதற்கும் அதே பதில். குரல் தெளிவாக, அமைதியாக, திருமண வீட்டில் பந்தி எப்படி என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல இருந்தது. பெரிய டாக்டர், "பேசறாரும்மா, பிரஷரும் நல்லா இருக்கு, நீ வேலையைப் பாரு" என்றார். திரைத்துணிக்குக் கீழிருந்து எந்தச் சத்தமும் இல்லை. நான் கத்தியை எடுத்துக் குழாயைத் திறந்தேன். கசடு பழுப்பாகத் தெரிந்தது.

அப்போது துணிக்குப் பின்னால் மெல்லிய ஒரு குரல். "மன்னிக்கணுங்க. குறுக்க பேசறேன்னு நெனச்சுக்காதீங்க."

"இருங்க" என்றார் பெரிய டாக்டர், மானிட்டரைப் பார்த்தபடி. காதர் பாய் இருந்தார். நானும் என் வேலையில் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஒரு நிமிடம் இருக்கலாம். என் வாழ்க்கையில் திருப்பி வாங்க ஆசைப்படுகிற நிமிடம் அதுதான்.

பிறகு காதர் பாய் கத்தினார். சந்தையில் மிரண்டு ஓடுகிற மாட்டை மறிக்கச் சொல்லிக் கத்துகிற குரல் அது.

"அம்மா! கையில ஆளு இல்லீங்க! ரெண்டு புடிச்சேன், ஒண்ணு வந்துச்சு. வெளையாடறாருன்னு நெனச்சேன். மூணு புடிச்சா மொத்தக் கையையும் இறுக்கறாரு. கெட்டியாத்தான் புடிக்கறாரு, வெரல் பேசலீங்க!"

"பயந்துட்டான், அவனை வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றார் பெரிய டாக்டர். "பேஷன்ட் பேசிக்கிட்டுத்தானே இருக்கார்?"

இங்கேதான் நீங்கள் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஒரு பக்கம் முப்பது வருட அனுபவம் உள்ள மயக்க மருந்து நிபுணர், சரியான பிரஷர், தெளிவாகப் பேசும் நோயாளி. இன்னொரு பக்கம் லுங்கி கட்டிய ஒரு வியாபாரியின் வார்த்தை. குழாய் திறந்து கிடக்கிறது. நான் குனிந்து திரைத்துணி வழியாகக் கேட்டேன்:

"உங்க ஊர் எதுங்க?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

"உங்க பேர் சொல்லுங்க."

"நல்லாத்தானுங்க."

அந்த மனிதரிடம் பேச்சு எப்போதோ போய்விட்டிருந்தது. ஆயிரம் பேருக்கு ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த ஒரு வாக்கியம் மட்டும் தானாக வந்துகொண்டிருந்தது. மொழி அழிந்தாலும் பழகிய வாக்கியங்கள் மிஞ்சும் என்று பாடப்புத்தகத்தில் நான் படித்தவள்தான். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள். ஆனாலும் என் ஊர்ப் பேச்சில், என் வீட்டு மரியாதையில் அது வந்தபோது மூன்று முறையும் நம்பினேன். வேறு ஊர் சர்ஜனாக இருந்தால் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டிருப்பார். நமக்குத்தான் "நல்லாத்தானுங்க இருக்குது" என்றால் பேச்சு முடிந்துவிடும்.

"ஷன்ட்" என்றேன். "பிரஷரை ஏத்துங்க சார்."

பெரிய டாக்டருக்கும் அந்த இரண்டு பதில்களும் கேட்டிருந்தன. அதன்பிறகு அவர் ஒரு வார்த்தை விவாதிக்கவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் மருந்து ஏறியது. அவர் தங்கம் என்று சொன்னேனே, அது இதனால்தான்.

ஷன்ட்டின் கீழ் முனை சுலபமாக உள்ளே போனது. மேல் முனை போகவில்லை. கசடு முடியும் இடம் நான் நினைத்ததைவிட உயரத்தில் இருந்தது. முதல் தடவை தட்டி நின்றது. அழுத்தித் தள்ளினால் போய்விடும் என்று கை சொன்னது. தள்ளினால் கசடு உடைந்து மேலே போகும் என்றும் தெரியும். இந்த மாதிரி நேரத்தில் அவசரப்படாதே என்று பேசுகிறவர்கள் யாரும் அவசரத்தில் இருந்ததில்லை. நான் அவசரப்பட்டேன். ஆனால் தள்ளவில்லை. ஷன்ட்டை வெளியே எடுத்து, ரத்தக்குழாயின் திறப்பை இன்னும் கொஞ்சம் மேலே நீட்டி, நல்ல சுவர் கண்ணுக்குத் தெரிந்தபிறகு செருகினேன். ரத்தம் ஓடத் தொடங்கியது. கிளாம்ப் போட்டு ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

தியேட்டரில் எட்டுப் பேர் இருந்தோம். எட்டுப் பேரும் ஒரு மாட்டு வியாபாரி பேசுவதற்காகக் காத்திருந்தோம்.

"இல்லீங்க" என்றார் காதர் பாய். "அண்ணா, ஒண்ணு புடிக்கறேன் பாருங்க. இங்க பாருங்கண்ணா." ஒன்றுமில்லை. கடிகாரம் நகர்ந்தது. நான் மேற்கொண்டு கசடைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தபால் அதிகாரியின் மனைவி நீட்டிய இளநீர் என் கண்முன் வந்தது.

"கட்டை வெரல் அசைஞ்சுதுங்க" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஒண்ணு கேட்டேன், ரெண்டு வந்துருச்சுங்கம்மா! ரெண்டு வந்துருச்சு!" அப்புறம் மூன்று வந்தது. நான்கு வந்தது. ஒவ்வொரு விரலையும் அவர் உரக்கச் சொல்லச் சொல்ல, சந்தோஷத்தில் அந்தக் கையைப் போட்டு இறுக்கியிருக்கிறார் போல. துணிக்குள்ளிருந்து நாச்சிமுத்துவின் குரல் வந்தது.

"யோவ் பாயி, கைய உடுய்யா! எலும்ப நொறுக்கிப்போட்டுத்தான் உடுவியா? அறிவிருக்குதா ஒனக்கு?"

ஐம்பத்தெட்டு வருடத்தில் அவர் யாரையும் அப்படிப் பேசியதில்லை என்று பிறகு அவர் மனைவி சொன்னார். சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நான் முகக்கவசத்துக்குள் அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மீதி வேலையை முடித்துத் தைத்தேன். அவர் கடைசிவரை எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தார். அதைவிட நல்ல மானிட்டரை நான் இதுவரை பார்க்கவில்லை.

மூன்றாம் நாளே நோட்டீஸ் வந்தது. அனுமதியில்லாத வெளியாளைத் தியேட்டருக்குள் அழைத்துவந்ததற்கு வருத்தம் தெரிவித்து எழுத்துப்பூர்வமாக மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். தராவிட்டால் தியேட்டர் பட்டியலிலிருந்து என் பெயர் எடுக்கப்படும். நான் பதில் எழுதவில்லை. நோயாளி மறுபடி வந்து காட்டும்வரை காத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து நாச்சிமுத்து வெள்ளை வேட்டி சட்டையில் வந்து உட்கார்ந்தார். கழுத்துத் தழும்பு நன்றாக ஆறியிருந்தது. சந்தைக்குப் போகத் தொடங்கிவிட்டாராம்.

"எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டேன். பழக்கம் எங்கே போகும்?

"நல்லாத்தானுங்க இருக்குது."

"அது வேண்டாங்க" என்றேன். "அந்தப் பதில எங்கிட்ட இனிமேல் சொல்லாதீங்க. இருக்கறத இருக்கறபடி சொல்லுங்க."

அவர் வலது கையை மேசைமேல் நீட்டி வைத்தார். "சுண்டு வெரல் மட்டும் வரலீங்க அம்மணி. இருக்குது, ஆனா சொன்ன பேச்சு கேக்கறதில்ல. உங்ககிட்டச் சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லலீங்க. நான் சமாளிச்சுக்குவேன். அஞ்சு புடிக்க வேண்டிய எடத்துல பாயி புரிஞ்சுக்குவாரு. மத்தவங்ககிட்டத்தான் கொஞ்சம் செரமம்."

விரலைத் தொட்டுப் பார்த்தேன். நீட்டச் சொன்னேன். அது நீளவில்லை. நான் நம்பிய அந்த மூன்று பதில்களும், "மன்னிக்கணுங்க" என்ற குரலை நான் காக்கவைத்த அந்த நிமிடமும் அந்தச் சுண்டுவிரலில் இருந்தன. இந்த அறுவை சிகிச்சையை வெற்றி என்றுதான் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். இன்றைக்கும் யாராவது அதை முழு வெற்றி என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

அன்றைக்கே ஒரு கடிதத்தை இரண்டு பிரதி எழுதினேன். ஒன்றை அவரிடம் படித்துக் காட்டிக் கொடுத்தேன். இன்னொன்றைப் பெரிய டாக்டரின் மேசையில் வைத்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"நாச்சிமுத்து அவர்களுக்கு. உங்கள் கழுத்துக் குழாயை அடைத்தபிறகு, நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை நான் மூன்று முறை நம்பினேன். உங்கள் விரல்கள் வேறு பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அதைச் சொல்ல வந்தவரை உடனே கேட்காமல் காக்கவைத்தேன். உங்கள் சுண்டுவிரலுக்கு நான் பொறுப்பு. என்னை மன்னிக்க வேண்டும்."

பெரிய டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். "வெளியாள உள்ள விட்டதப் பத்தி ஒரு வரிகூட இல்லையேம்மா?"

"அன்னைக்கு நான் சரியாச் செஞ்ச ஒரே காரியம் அதுதான் சார். அதுக்கு எப்படி மன்னிப்புக் கேக்கறது?"

"'இருங்க'ன்னு சொன்னது நான். நீ உன் பேரைப் போட்டிருக்கே."

"கத்தி என் கையில இருந்துச்சு சார்."

அவர் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். விதி விதிதான் என்றார். என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார். இரண்டு மாதம் நான் தியேட்டர் பக்கம் போகவில்லை. வெளிநோயாளிகளைப் பார்த்தேன், கழுத்துகளைத் தொட்டுப் பார்த்தேன், இன்னொரு கடிதம் எழுதச் சொல்லி மூன்று பேர் தூது வந்தபோது மூன்று பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். நீங்களும் எப்போதாவது இப்படி ஒரு காகிதத்தின் முன் உட்கார வேண்டி வரும். யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவரிடம் தயங்காமல் கேளுங்கள். மற்றவர்களுக்கு டீ போதும்.

மூன்றாம் மாதம் என் பெயர் பட்டியலில் திரும்ப ஏறியது. யாரும் விளக்கம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாரமே சென்னிமலையிலிருந்து ஒரு நெசவாளர் வந்தார், அதே இடது கழுத்து. அவரும் மனைவியும் முப்பது வருடமாகப் பக்கத்துப் பக்கத்துத் தறியில் உட்கார்ந்து பெட்ஷீட் நெய்தவர்கள். நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அறுவை நாளன்று காலை அந்த அம்மாவுக்குக் கவுனும் தொப்பியும் மாட்டி, முன்வாசல் வழியாகவே கூட்டிப்போய், கணவரின் வலது கை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு ஒரே பயம். யார் என்ன கேட்டாலும் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் ஊசித் தட்டோடு உள்ளே வந்தார். அந்த அம்மாவைப் பார்த்து நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. எதற்கும் தயாராக நின்றேன், கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே நடப்பதற்கும்தான்.

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாவின் முன்னால் குனிந்தார்.

"அம்மா, இங்க மரியாதையெல்லாம் பாக்கக் கூடாது" என்றார். "கையில எதாச்சும் மாறுதல் தெரிஞ்சா எங்க மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க. நான் இருங்கன்னு சொன்னாலும் கேக்காதீங்க. கத்திப்போடுங்க."